கான்கிரீட்டும் காற்றழுத்த ஆணியும்: எந்தச் சுமையை எதனிடம் ஒப்படைப்பது?

இறுகிய கான்கிரீட்டில் ஒரு பொருளை எப்படிப் பொருத்துவது என்ற கேள்விக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. துளை போட்டு ஆப்பு இறுக்கு என்றது முதல் விடை. வெடிமருந்தின் விசையால் ஆணியை ஒரே அடியில் இறக்கு என்றது அடுத்தது. பசை ஊற்றிக் கம்பியை ஒட்டு என்றது மற்றொன்று. கம்ப்ரசர் காற்றில் இயங்கும் நெயிலர் இந்த வரிசையில் பிந்தி வந்தது. ஜிப்சம் சீலிங்கின் சேனல், தடுப்புச் சுவரின் அடிச்சட்டம், மின்குழாய்க் கிளிப் போன்ற வேலைகளில் அது வேகமாக இடம்பிடித்தது.

அதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'ஆணி இறங்குமா' என்பதோடு நின்றுவிடுகிறது. இறங்கிய ஆணி எவ்வளவு காலம், எந்தத் திசைச் சுமையைத் தாங்கும், தாங்காமல் போனால் என்ன ஆகும் என்பவை அதைவிட முக்கியமானவை. முதன்மையான நிலைப்பாடுகளை இந்தக் கேள்விகளின் வழியே எடைபோட முயல்கிறது இக்கட்டுரை.

மரமும் கான்கிரீட்டும்

காற்றழுத்த நெயிலர் மரவேலைக்காகப் பிறந்த கருவி. அமெரிக்காவில் 1950களில் தரைப்பலகை, மரச்சட்டம் ஆகியவற்றின் வேலைகளில் அது பரவியது. மரத்துக்குள் போகும் ஆணி நார்களை விலக்குகிறது. விலகிய நார்கள் மீள முயன்று ஆணியைப் பற்றிக்கொள்கின்றன. கான்கிரீட்டில் அப்படி மீளும் நார் கிடையாது. அழுத்தத்தைத் தாங்குவதில் வலிமையும் இழுப்பைத் தாங்குவதில் பலவீனமும் அதன் இயல்பு. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 (2000) தரும் வாய்பாட்டின்படி, எம்25 கான்கிரீட்டின் வளைவு இழுவிசை வலிமை சுமார் 3.5 மெகாபாஸ்கல். அழுத்த வலிமையோ 25 மெகாபாஸ்கல்.

கடினமாக்கிய எஃகு ஆணி கான்கிரீட்டில் பாயும்போது வழியிலுள்ள சாந்து நொறுங்கிப் பக்கவாட்டில் இறுகுகிறது. அந்த இறுக்கம் ஆணியைச் சுற்றிலும் அழுத்திப் பிடிக்கிறது. வேகம் அதிகமானால் உராய்வு வெப்பத்தால் ஆணியின் மேற்பரப்பும் நொறுங்கிய துகள்களும் ஓரளவு ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. வெடிவிசை ஆணிகள் இறுகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆற்றல் குறைந்த கருவியில் இரண்டாவது விளைவு குறையும், பிடிப்பு பக்க அழுத்தத்தையே பெரிதும் நம்பியிருக்கும். மேற்பரப்பில் ஆணி நுழையும் இடத்தில் சில்லுகள் பெயர்வதால் அங்குள்ள சில மில்லிமீட்டர்கள் பிடிப்புக்கு உதவுவதில்லை. எனவே ஆணியின் முழு நீளத்தையும் தாங்கும் ஆழமாகக் கணக்கிடக்கூடாது.

முதல் விடை: துளையும் ஆப்பும்

மரக்கட்டையைச் சுவரில் பதித்து அதில் திருகாணி முடுக்கும் பழைய முறைக்கு மாற்றாக, ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்ற பிரிட்டிஷ்காரர் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் சணல் நாரால் ஆன செருகியைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டு எலெக்ட்ரீஷியன்கள் இன்றும் சொல்லும் 'ரால்பிளக்' அந்த நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தது. 1958இல் ஜெர்மனியின் ஆர்ட்டர் ஃபிஷர் நைலான் செருகியை உருவாக்கினார். திருகை முடுக்கும்போது செருகி விரிந்து துளையின் சுவரை அழுத்துகிறது. உலோக விரிவு ஆங்கர்களும் இதே கொள்கையில்தான் வேலைசெய்கின்றன.

துளையிடும் மெஷினின் முனை கல்லையும் வெட்டிச் செல்லும் என்பதால், ஜல்லி எங்கே இருந்தாலும் துளை கிடைக்கும். ஆழம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். சுமையைக் கணக்கிடும் முறையும் தெளிவானது. எனவே தனி ஆங்கர் தாங்கவேண்டிய பெரிய சுமைக்கு இந்தத் தரப்பின் வாதம் இன்றும் வலிமையானது.

அதற்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியிலும் அளவெடுத்து, துளைத்து, தூசியை ஊதி, செருகி, முடுக்கவேண்டும். தூசியை நீக்காத துளையில் பசை ஆங்கர் மட்டுமல்ல, சில விரிவு ஆங்கர்களும் சரியாகப் பிடிக்காது. துளையிடும்போது பறக்கும் படிகச் சிலிக்காத் தூசி தொழிலாளியின் நுரையீரலைப் பாதிக்கிறது. அதை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்தது. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 2016 விதியில் அனுமதி வரம்பை எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஆக்கியது. ஆணி அடிப்பதிலும் கொஞ்சம் துகள் எழும், ஆனால் ஒரு துளைக்கு வெளிவரும் அளவுக்கு அல்ல. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான புள்ளிகளைப் பொருத்தும் வேலையில் இந்த வேறுபாடு தொழிலாளியின் உடல்நலத்தைத் தொடுகிறது.

இரண்டாம் விடை: வெடிவிசை

வெடிமருந்துத் தோட்டாவின் விசையால் ஆணியைச் செலுத்தும் கருத்து, எஃகுக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தேவையோடும் ராபர்ட் டெம்பிள் என்ற பெயரோடும் இணைத்துச் சொல்லப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது கட்டுமானத்துக்கு வந்தது. தொடக்கக் கருவிகளில் வாயுவே ஆணியை நேராகத் தள்ளியதால் அது தோட்டாபோல் பறந்தது. மெல்லிய சுவரில் அடித்தால் மறுபக்கம் நிற்பவருக்கு ஆபத்து. பின்னர், வாயு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஆணியைத் தள்ளும் முறை பரவியது. குறைந்த வேகக் கருவி என்று அமெரிக்கத் தரம் வகைப்படுத்தியதில், சராசரிச் சோதனை வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. தோட்டாக்கள் நிறத்தால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பல், பழுப்பு, பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா என்று விசை கூடிக்கொண்டே போகிறது.

ஆற்றல்தான் இதன் பலம். கெட்டியான கான்கிரீட்டிலும் எஃகு உத்திரத்திலும்கூட ஆணியை இறக்கிவிடும். பலவீனமும் அதிலேயே உள்ளது. தோட்டாவைச் சேமிப்பது, வெடிக்காத தோட்டாவைக் கையாள்வது, இயக்குபவருக்குப் பயிற்சி தருவது எல்லாமே பொறுப்பு மிகுந்தவை. அமெரிக்க விதிகள் வார்ப்பிரும்பு, மெருகிட்ட ஓடு, மேற்பரப்பு கடினமாக்கிய எஃகு, கண்ணாடிச் செங்கல், பாறை, உட்குழிவுள்ள ஓடு முதலியவற்றில் இக்கருவியைப் பயன்படுத்தத் தடைவிதிக்கின்றன. விளிம்பிலிருந்து குறைந்தது 3 அங்குலம் தள்ளியே அடிக்கவேண்டும், கான்கிரீட்டின் தடிமன் ஆணி இறங்கும் ஆழத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கவேண்டும் என்பவை பொதுவான நெறிகள். காற்று நெயிலருக்கும் இவற்றை வழிகாட்டியாகக் கொள்ளலாம். விசை குறைந்தாலும் விளிம்பு பெயரும் இயல்பு மாறுவதில்லை.

மூன்றாம் விடை: காற்று

வெடிமருந்து இல்லை, அதன் கட்டுப்பாடுகளும் இல்லை, தொடர்ந்து அடிக்கலாம், ஓர் ஆணிக்கான செலவும் குறைவு என்பது காற்றுக் கருவியின் ஆதரவாளர்களின் வாதம். இதைச் சோதிக்க ஒரு சிறிய கணக்கே போதும். பிஸ்டனின் ஒரு வீச்சில் காற்று நிரப்பும் கொள்ளளவு 200 கனசென்டிமீட்டர் என்றும் அழுத்தம் 7 பார் என்றும் வைத்தால், பெறக்கூடிய ஆற்றலின் மேல்வரம்பு 140 ஜூல். உராய்விலும் காற்று நுழையும் வழியின் தடையிலும் ஒரு பகுதி இழக்கப்படும். அதே கொள்ளளவில் அழுத்தத்தை 20 பாராக உயர்த்தினால் மேல்வரம்பு 400 ஜூலாகிறது. இக்காரணத்தால்தான் ஜப்பானிய நிறுவனங்கள் உயர் அழுத்தக் கம்ப்ரசரும் அதற்கென்றே தனிக் குழாயும் இணைப்பும் கொண்ட கருவிகளைக் கான்கிரீட்டுக்காக முன்வைத்தன. சாதாரணக் கம்ப்ரசரில் ஓடும் மலிவான நெயிலரையும் அந்தக் கருவியையும் 'ஏர் நெயிலர்' என்ற ஒரே பெயரில் எடைபோடுவது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

கம்ப்ரசர் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிடக் கருவியின் வாயில் எவ்வளவு எட்டுகிறது என்பதே முக்கியம். நீண்ட, குறுகிய குழாயில் காற்று வேகமாக ஓடும்போது அழுத்தம் குறைகிறது. தொட்டி நிரம்பும் முன்பே தொடர்ந்து அடித்தால் அடுத்தடுத்த ஆணிகள் குறைந்த விசையில் இறங்கும். ஒரே சேனலில் முதல் ஆணி முழுதாக இறங்கி, பத்தாவது தலை தூக்கி நிற்பதற்கு ஜல்லிதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அழுத்தக் குறைவும் காரணமாக இருக்கலாம்.

ஆணியின் உலோகமும் இதில் பேசவேண்டிய ஒன்று. சாதாரண மர ஆணி மென்மையான எஃகு, கான்கிரீட்டில் மடங்கிவிடும். கான்கிரீட் ஆணிகள் ராக்வெல் சி அளவில் ஏறத்தாழ 50க்கு மேல் கடினமாக்கப்படுகின்றன. அப்படிக் கடினமாக்கிய எஃகை மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் ஊடுருவினால் அது எளிதில் முறியும் தன்மையைப் பெறும். முலாமும் கடினத்தன்மையும் ஒன்றோடொன்று மோதுவதால், விலை மலிந்த ஆணியை வெளியில் பார்த்து மட்டும் நம்புவதற்கில்லை.

காற்றை எதிர்ப்போர் சொல்லும் முதல் குறை, எளிய கருவிகள் அடர்ந்த கான்கிரீட்டில் முழு ஆழம் எட்டாமை. இரண்டாவது, ஆபத்து குறைவு என்ற நம்பிக்கை. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷும் ஓஷாவும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, எல்லா வகை ஆணித் துப்பாக்கிகளாலும் ஆண்டுக்குச் சுமார் 37,000 பேர் அவசரச் சிகிச்சைக்கு வருவதாகச் சொல்கிறது. விசையை அழுத்தியபடி மேற்பரப்பைத் தொட்டாலே சுடும் முறையில் காயத்தின் வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் விசையை அழுத்தவேண்டிய முறையைப்போல் இருமடங்கு என்பதும் அதன் மதிப்பீடு. 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் இயங்கும் கருவியின் முனையில் பாதுகாப்பு அமைப்பு இருக்கவேண்டும் என்று அமெரிக்க விதி கோருகிறது. கான்கிரீட்டில் ஆணி திசைமாறிப் பறப்பதும் சில்லு கண்ணில் படுவதும் மரத்தைவிட எளிதாக நடக்கக்கூடியவை.

நான்காம் விடை: எரிவாயுவும் பேட்டரியும்

காற்றுக் குழாயின் சுமையைக் குறைக்கவே எரிவாயுக் கருவிகள் 1980களில் வந்தன. சிறு குப்பியிலுள்ள வாயு எரிந்து பிஸ்டனைத் தள்ளும். பேட்டரிக் கருவிகள் பின்னர் வந்தன. இவை கம்ப்ரசரையும் வெடிமருந்தையும் ஒருசேரத் தவிர்க்கின்றன. மின்னிணைப்பு இல்லாத புதிய கட்டடத்தில் வசதி அதிகம். ஆற்றல் பெரும்பாலும் வெடிவிசைக் கருவிக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே, இவை முன்வைப்பது புதிய விடை அல்ல என்பதே என் மதிப்பீடு. சக்தியின் மூலம் மாறியிருக்கிறது, கான்கிரீட்டுக்கும் ஆணிக்கும் உள்ள உறவு மாறவில்லை.

ஜல்லியின் பங்கு

மேலே சொன்ன எல்லா நிலைப்பாடுகளையும் சோதிக்கும் பொருள் கான்கிரீட்டின் ஜல்லி. குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, ஃபெல்ட்ஸ்பாரின் கடினம் 6, சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கனிமமான கால்சைட்டின் கடினம் 3. சுண்ணாம்புக்கல் ஜல்லியில் ஆணி கல்லை உடைத்து நேராகச் செல்லக்கூடும். கடினமான ஜல்லியில் அது கல்லைத் தவிர்த்து வளைந்து, தூண்டில்போல் மடங்கி, அல்லது சாந்தைப் பெயர்த்து நிற்கும்.

சென்னையைச் சுற்றிய வேலைகளில் பயன்படும் கருங்கல் ஜல்லியில் சார்னோக்கைட் பாறை முக்கியமானது. இதன் மாதிரிப் பகுதி பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம்தான். குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஹைப்பர்ஸ்தீனும் அதில் உண்டு. வேறொரு நாட்டின் சுண்ணாம்புக்கல் கான்கிரீட்டில் தயாரிப்பாளர் பெற்ற சுமை அட்டவணையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானதல்ல. கான்கிரீட்டின் வலிமை எண் ஒன்றாக இருந்தாலும் ஜல்லி மாறினால் ஆணி தங்கும் விகிதம் மாறும்.

பூச்சு மற்றொரு சிக்கல். நம் கட்டடங்களில் உட்சுவரில் வழக்கமாக 12 மி.மீ., உட்கூரையில் 6 மி.மீ. பூச்சு இருக்கும். 25 மி.மீ. ஆணியில் சேனலின் தடிமனும் சுவர்ப் பூச்சும் கழிந்தால், கான்கிரீட்டில் மிஞ்சுவது 13 மி.மீ.க்குக் குறைவு. பூச்சின் பிடிப்பை நம்பி ஒரு சுமையை ஒப்படைப்பது ஏற்கத்தக்கதல்ல. சுவர் கான்கிரீட்டாகவும் இல்லாமல் செங்கல்லாகவோ உட்குழிவுள்ள பிளாக்காகவோ இருந்தால், காற்று ஆணிக்கான அடிப்படையே தகர்ந்துவிடும்.

இதற்குக் கருவித் தயாரிப்பாளர்களின் கையேடுகள் தரும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஆணியைக் குறியிடும் உளிபோல் கையில் பிடித்து, சுத்தியலால் ஓரடி அடிக்கவேண்டும். முனை மழுங்கினால் அடிப்பரப்பு மிகக் கடினம். மேற்பரப்பு விரிசல்விட்டு உடைந்தால் மிக நொறுங்கும் தன்மை கொண்டது. எளிதில் உள்ளே போனால் மிக மென்மை. தெளிவான ஒரு குழி மட்டும் விழுந்தால், சில சோதனை ஆணிகளை அடித்துப் பார்க்கலாம். இத்தனை எளிய சோதனையும் வேலைத் தளங்களில் தவறிவிடுகிறது என்பதுதான் கவலை தருகிறது.

சுமையின் திசையும் காலமும்

தரையில் அடித்த அடிச்சட்டத்தின் ஆணி, பக்கத்தில் தள்ளும் வெட்டுவிசையைத் தாங்குகிறது. உட்கூரையில் தொங்கும் சேனலின் ஆணி நேராக வெளியே இழுக்கப்படுகிறது. இரண்டும் வேறுவேறு வேலைகள். நடுவீச்சில் உட்கூரையின் அடிப்பக்கமே இழுவிசைப் பகுதி என்பதால் அங்கே நுண்விரிசல் எதிர்பார்க்கத்தக்கது. ஆணியைச் சூழ்ந்த இறுக்கம் விரிசலில் தளரும். கம்பியை மூடும் கான்கிரீட் உறை, ஐ.எஸ். 456இன்படி கடுமையற்ற சூழலில் 20 மி.மீ. மட்டுமே இருக்கலாம் என்பதால், நீளமான ஆணி கம்பியைத் தொடுவதும் நடக்கலாம்.

தொடர்சுமையின் ஆபத்தை ஆணிகளைவிட ஆங்கர்களின் வரலாறு தெளிவாகச் சொல்கிறது. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சுரங்கப் பாதையின் உட்கூரைப் பலகை விழுந்து ஒரு பெண் இறந்தார். நீண்டகாலச் சுமையில் ஆங்கர்களின் பசை மெல்ல நெகிழ்ந்து ஊர்ந்ததே காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டது. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானின் சாசகோ சுரங்கப் பாதையில் உட்கூரைப் பலகைகள் சரிந்து ஒன்பது பேர் இறந்தனர். இவை காற்று ஆணிகளின் விபத்துகள் அல்ல. ஆனால் தலைக்கு மேல் தொங்கும் எதையும், அது முதல் நாளில் நன்றாகப் பிடித்தது என்பதைக் கொண்டு மட்டும் நம்பக்கூடாது என்ற பாடத்தை இரண்டும் தருகின்றன.

விதிகள் இந்தப் பாடத்தை இரண்டு வழிகளில் எடுத்துக்கொண்டுள்ளன. அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 7 தரம், கடும் நிலநடுக்கப் பகுதிகளில், நிலநடுக்கச் சுமைக்கு அங்கீகாரம் பெறாத விசை ஆணிகளைத் தொடர் இழுவிசைக்குப் பயன்படுத்தத் தடைவிதிக்கிறது. கான்கிரீட்டில், தொங்கு கூரை போன்ற பரவிய அமைப்புகளில் தனி ஆணிக்கு 90 பவுண்டு, அதாவது சுமார் 400 நியூட்டனுக்கு மிகாத சுமையை விதிவிலக்காக அது ஏற்கிறது. ஐரோப்பிய அணுகுமுறை, கட்டமைப்பு சாராத பொருத்தல்களில் ஒரு பொருளைப் பல புள்ளிகள் சேர்ந்து தாங்குவதை அடிப்படையாகக் கொள்கிறது. ஒரு புள்ளி தவறினாலும் மற்றவை சுமையைப் பகிரவேண்டும். ஆணி ஒவ்வொன்றையும் குறைபாடற்றதாக்க முயல்வதைவிட, சில ஆணிகள் தவறும் என்று எதிர்பார்த்து அமைப்பை வடிவமைக்கும் சிந்தனை இது. காற்று ஆணிக்கு இது மிகப் பொருந்தும். அடிக்கும்போதே சில தவறும் என்பது அதன் இயல்பிலேயே இருக்கிறது.

மதிப்பீடு

தரப்புகளைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்றையொன்று தோற்கடிக்கும் போட்டியாக இது தெரியவில்லை. தனிச்சுமைக்குத் துளை ஆங்கர், கெட்டியான அடிப்பரப்பில் எண்ணிக்கை மிகுந்த நடுத்தர வேலைக்கு வெடிவிசை, இலகுவான, பலபுள்ளி வேலைக்குக் காற்று அல்லது பேட்டரி என்ற பகிர்வு நியாயமானதாகத் தோன்றுகிறது. தரையில் வெட்டுவிசையைத் தாங்கும் அடிச்சட்டம், தலைக்கு மேல் மிகக் குறைந்த சுமையைப் பல புள்ளிகளில் பகிரும் சேனல் ஆகியவை காற்று ஆணிக்கு ஏற்றவை. மின்விசிறி, ஏ.சி. யூனிட், குழாய்த் தொகுதி, நிலையான தாங்கல் கம்பி ஆகியவற்றின் சுமையை அதனிடம் ஒப்படைப்பதை இதுவரையுள்ள அறிவு நியாயப்படுத்துவதாகத் தெரியவில்லை.

மூன்று கேள்விகள் திறந்தே உள்ளன. முதலாவது, கருங்கல் ஜல்லிக் கான்கிரீட்டில் காற்று ஆணிகள் தங்கும் விகிதமும் இழுவலிமையும் எவ்வளவு என்பது; அவற்றை உள்ளூரில் முறையாக அளந்து பொதுவில் வைக்கவேண்டும். இரண்டாவது, கடற்கரைக் காற்றில், ஈரப்பதம் ஏறி இறங்கும் சூழலில், கடினமாக்கிய மெல்லிய ஆணி பத்து இருபது ஆண்டுகளில் எப்படி மாறும் என்பது. மூன்றாவது, விரிசல் விட்ட கான்கிரீட்டில் தொடர்ந்து இழுக்கும் சுமை. முதல் கேள்விக்கு ஒவ்வொரு வேலைத்தளத்திலும் சில சோதனை ஆணிகளை அடித்து இழுத்துப் பார்ப்பதே தற்காலிக விடை. மற்ற இரண்டுக்கும் காலம் எடுக்கும் அளவீடு தேவை. அதுவரை, கருவியின் வேகத்தைவிட அடிப்பரப்பின் இயல்பையும் சுமையின் திசையையும் முதலில் கேட்கும் பழக்கம் பரவினால், தலைக்கு மேலுள்ள வேலைகள் இப்போதைவிடப் பாதுகாப்பாகும் என்று எதிர்பார்க்கலாம்.